வெந்நீர்க் கட்டத்தில் ஒரு கோடு

1

பினாங்கில் எந்த வீட்டில் எந்த அடுப்பு எரிகிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கிற சீனர் காப்பிக்கடையில் இன்னும் கரி அடுப்பில்தான் ரொட்டி வாட்டுகிறார்கள். எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்காரி எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சோற்றை மின்சாரப் பானையிலும் குழம்பை மண்ணெண்ணெய் அடுப்பிலும் வைக்கிறாள். இதெல்லாம் வம்பு பேசித் தெரிந்துகொண்டதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொண்டது.

ஊரில் இருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும், அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். எரிசக்திப் புள்ளிவிபரம் என்று எழுதினால், சரி சரி, பெரிய உத்தியோகம் போல என்று அடுத்த கடிதத்தில் வரும். பெரிய உத்தியோகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து பத்தொன்பது வருடம். அதில் கடைசி ஐந்து வருடமாக, அடுத்தவன் வீட்டு அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் தொழில்.

ஆனால் என் சொந்த வீட்டில் ஒரு அறையை மூன்று வருடமாக ஒருவரும் புழங்காமல் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வதற்காக ஒதுக்கிய அறை. அதை ஒட்டினாற்போல் ஒரு குளியலறை, அதில் அம்மாவுக்கென்றே பூட்டிய ஹீட்டர். நேற்று என் மகள் வந்து நின்றாள். பதினாறு வயது.

"அம்மா, அந்த ரூம்ம நான் எடுத்துக்கலாமா? எக்ஸாம் வருதுலா. ஹால்ல படிக்க முடியல."

கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எடு என்று சொல்லிவிட்டேன். அம்மா அந்த அறைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது.

எங்கள் பிரிவு ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. மூன்று மேசை, ஒரு கணினி, துருப்பிடித்த இரும்பு அலுமாரிகள். மேற்பார்வையாளர் ஜமால் அண்ணன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவருடைய தகப்பனாருக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. வயதில் என்னைவிட இளையவர்தான். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன், இந்த ஊரில் அதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

ஒரு நாட்டில் எவ்வளவு எண்ணெய் விற்றது, எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது மேலிடத்துக்கு எப்போதும் தெரியும். விற்றவனிடம் கேட்டால் சொல்வான். யார் வீட்டில் எரிந்தது, எதற்கு எரிந்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் தெரியாது. தொண்ணூறுகள் பிறந்த கையோடு உலகம் முழுக்க ஒரு பேச்சு வந்தது. வளர்ந்தால் மட்டும் போதாது, பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்து வளர வேண்டும் என்று. நிலைத்த வளர்ச்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது நடக்கிறதா என்று பார்க்கக் குறிகாட்டிகள் வேண்டும், காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி. ஆளுக்கு எவ்வளவு எரிபொருள், எத்தனை வீட்டில் இன்னும் விறகு, விளக்குக்கு எது, சமையலுக்கு எது, குளிக்கிற வெந்நீருக்கு எது. கடைசியில் எல்லாவற்றையும் எண்ணெய்க் கணக்குக்கு மாற்றிவிடுவோம். விறகும் எண்ணெய்தான், கரியும் எண்ணெய்தான். முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது.

வீடு வீடாகப் போகிற ஆட்கள் நிரப்பிக்கொண்டு வருகிற படிவங்களைச் சிவப்புப் பென்சிலோடு பார்ப்பது என் வேலை. எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் மாதத்துக்கு ஒரு கிலோ கரியா? பொய். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வெந்நீரே இல்லையா? கேட்கவில்லை. ஒரு பதிலை இன்னொரு பதிலோடு உரசிப் பார்த்தால் உண்மை வந்துவிடும். எனக்கு இது நன்றாக வந்தது. சந்தேகம் பிடித்த பெண்பிள்ளை என்று ஊரில் என்னைச் சொல்வார்கள், இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஜமால் அண்ணன் முதல் நாளே ஒரு சட்டம் சொல்லித் தந்தார்.

"இல்லேன்னா கோடு போடணும் அக்கா. காலியா விட்டா, கேக்கலேன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணில்லலா."

காலிக் கட்டம் வந்தால் நாமாக நிரப்பக் கூடாது. அந்த வீட்டுக்குத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அப்படி ஒருமுறை பெர்ரி பிடித்து அக்கரையில் இருக்கிற மாக் மண்டினுக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் பலகை வீடு. சமையலுக்கு என்ன எரிபொருள் என்ற கட்டம் காலி. வீட்டுக்கார அம்மா அடுப்பில் பானையை வைத்துக்கொண்டே, விறகு வாங்குவதில்லை என்றாள். பார்த்தால் தொழிற்சாலை வீசிய பெட்டிப் பலகை கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால்தானே கணக்கு என்பது அவள் எண்ணம். நான் தராசில் ஒரு கட்டை நிறுத்து, கிலோவை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் வைத்தேன். எரிந்தது எல்லாம் கணக்கில் வரவேண்டும் என்று அவளுக்குப் பாடம் வேறு எடுத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல பெருமை.

3

அம்மாவுக்கு முழங்கால் வாதம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தொடங்கியது. பச்சைத் தண்ணீர் பட்டால் அன்றைக்கு எழும்பமாட்டார். நொச்சி இலை போட்டு அவித்த வெந்நீர் இல்லாமல் அம்மா குளித்து நான் கண்டதில்லை. மழையா வெயிலா, விருந்தா விரதமா, காலையில் முதலில் அடுப்பேறுவது அம்மாவின் குளிக்கிற தண்ணீர்தான். தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

அம்மா என் தம்பியோடு இருந்தார். தம்பி அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞன். அவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வீட்டில் மூன்று பேர்.

சண்டை தொடங்கியது, மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் கண்ணில் காட்ட முடியாத பொருளானது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் அதற்குள் இருந்தவர்கள். ஒரு வருடம் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அங்கிருந்து தம்பி எழுதினான்: "மாமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து அம்மாவுக்குத் தண்ணீர் சுட வைக்கிறேன். சோற்றுக்கே விறகில்லை, இவனுக்கு வெந்நீர் கேட்குது என்று சனம் ஏசுது. ஏசட்டும்."

அந்தக் கடிதம் வந்த கிழமைதான் அம்மாவை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டேன். உத்தரவாதக் கடிதம், என் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அதற்கு மலாய் மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு முத்திரை. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டார்கள். கேட்டதை ஊரில் இருந்து எடுப்பிக்க ஆறு மாதம். அதற்குள் அம்மாவின் படம் பழசாகிவிட்டது, புதுப் படம் கொண்டுவா என்றார்கள். நான் விடவில்லை. என் கணவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிளார்க். இங்கேயே பிறந்தவர், அவருடைய தகப்பனார்தான் யாழ்ப்பாணம். அதிகம் பேசாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரை வாங்கிவந்து, எலக்ட்ரீஷியனையும் கூட்டிவந்து பூட்டினார். மாமி வந்தால் சுவிட்சைத் தட்டினால் போதும் என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன்னும் வந்ததில்லை.

தம்பியின் கடிதங்கள் கப்பலேறி, கொழும்பில் கிடந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாக வரும். அம்மா சுகம், உன் மச்சாள் சுகம், நானும் சுகம், இங்கே ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் கடைசியில் அம்மா தன் கையால் ஒரு வரி எழுதுவார். பிறகு அது நின்றது. அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத ஏலாது என்று தம்பி எழுதினான். நானும் நம்பினேன். மற்றவன் வீட்டுக் கரிக் கணக்கில் பிழை பிடிக்கத் தெரிந்தவள், இதை விட்டுவிட்டேன்.

4

மலாய்ப் படிவத்தைத் தமிழ் ஆட்களுக்காக மொழிபெயர்த்துத் தந்தது நான். குளிப்பதற்கு வெந்நீர் வைக்கிறீர்களா என்ற இடத்தில், தோய்வதற்கு வெந்நீர் வைக்கிறீர்களா என்று எழுதிவிட்டேன். எங்கள் வாயில் அப்படித்தான் வரும். இங்கே உள்ளவர்கள் அதைத் துணி துவைப்பது என்று எடுத்துக்கொண்டார்கள். துணிக்கு யார் வெந்நீர் வைப்பார்கள் என்று வீட்டுக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். ஜமால் அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் வாய் இன்னும் கப்பலேறவில்லை என்றார். கட்டுக் கட்டாக அடித்த படிவம் அலுமாரிக்குள் போனது, புதிதாக அடித்தோம்.

அந்தக் கழிவில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தம்பிக்கு அனுப்பினேன். வைகாசி மாதம் அது. எனக்கு என்ன வேலை என்று கேட்டாயே, இதுதான் வேலை, நிரப்பி அனுப்பு பார்ப்போம், இல்லாததற்குக் கோடு போடு என்று பகிடியாக எழுதினேன். உள்ளுக்குள் பகிடி இல்லை. அவர்கள் எதை எரித்துச் சாப்பிடுகிறார்கள், அம்மாவுக்கு இன்னும் வெந்நீர் கிடைக்கிறதா என்று எனக்கு அறியவேண்டும். தம்பி கடிதத்தில் பொய் எழுதுவான். படிவத்தில் எழுதமாட்டான். முந்தி வெள்ளம் வந்தபோது ஊரெல்லாம் கூரை போய்விட்டது என்று நிவாரணப் படிவம் நிரப்ப, இவன் மட்டும் சேதம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்டவன்.

5

புரட்டாசியில் படிவம் திரும்பி வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கீழே தபால் பெட்டியில் எடுத்தேன். மேலே போய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அடிமட்டம் வைத்து எழுதின மாதிரி நேரான கையெழுத்து. மகளும் வந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாசித்து வாசித்துச் சொன்னேன்.

விளக்கு: ஜாம் போத்தலில் திரி போட்டது, ஒன்று. சமையல்: பனைமட்டை, பனங்கொட்டை ஊமல், கழற்றிய வேலித் தடி. வானொலி: சைக்கிள் டைனமோ, தினமும் அரை மணி. குறிப்பு என்ற இடத்தில், "சைக்கிளை நிறுத்தி வைத்து மனைவி மிதிப்பார், நான் செய்தி கேட்பேன். மனைவியின் காலை எந்த எரிபொருளில் சேர்ப்பது என்று அறியத்தரவும்" என்று இருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவுக்கு இவ்வளவு பகிடி வருமா என்று கேட்டாள். ஊரில் உள்ள ஒரு ஆளைப் பற்றி அவளாக ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழக்க தோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனேன். முதலாம் கேள்வி: இந்த வீட்டில் உள்ள ஆட்களின் தொகை. காலியாக இருந்தது.

பார் இவனை, கச்சேரியில் இத்தனை வருடம் குப்பை கொட்டினவன் முதல் கேள்வியையே விட்டுவிட்டான் என்று சத்தமாக ஏசினேன். ஏசிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில், தோய்வதற்கு வெந்நீர் வைக்கிறீர்களா, எந்த எரிபொருள், எவ்வளவு. அந்தக் கேள்வி இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை, அவனுக்கு விளங்கியிருக்கும்.

அதில் கோடு போட்டிருந்தான்.

நேரான, சின்னக் கோடு. கேட்டேன், இல்லை என்று அர்த்தம்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்தவன். ஊர் ஏச ஏச வெந்நீர் வைத்தவன். இப்போது சொந்த வீட்டில், வேலித் தடியைக் கழற்றி எரிக்கிற வீட்டில், வெந்நீருக்கு விறகு ஒன்றுமில்லை என்கிறான். விறகு இல்லாமல் இல்லை. அது வேண்டிய ஆள் இல்லை. முதலாம் கட்டத்தில் மூன்று என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. இரண்டு என்று எழுத மனம் வரவில்லை. விட்டுவிட்டான்.

ஒரு பதிலை இன்னொரு பதிலோடு உரசத் தெரியாதவளாக இருந்திருக்கக் கூடாதா நான்.

எழும்பி அம்மாவின் குளியலறைக்குப் போனேன். செத்த செய்தி கேட்டால் தலை முழுகவேண்டும். ஹீட்டர் சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, போடவில்லை. எங்கள் பக்கம் மலையடிவாரத்துத் தண்ணீர், எலும்பு வரை குளிர்ந்தது. வெளியே வந்தபோது மகள் நின்றாள்.

"ஏம்மா இந்த நேரத்துல குளிக்கிறீங்க?"

வாயைத் திறந்தேன். அம்மம்மா என்று சொல்லத் தொடங்கினால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். வேர்த்தது, அதுதான் என்று சொன்னேன்.

பெர்ரியில் இருந்து வந்த கணவரிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்கிறாய், தெரியாமல் போட்டிருப்பார் என்றார். பிறகு என் ஈரத் தலையைப் பார்த்தார், படிவத்தை மடித்து வைத்தார். மகளிடம் அவர்தான் சொன்னார். ஆங்கிலத்தில். மற்ற அறையில் இருந்து எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் ஜமால் அண்ணனின் மேசையில் படிவத்தை வைத்தேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன், பிறகு மூன்றாம் பக்கத்தை. அம்மாவின் விண்ணப்பத்துக்கு என்னோடு எத்தனை தரம் வரிசையில் நின்றவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திரும்பப் போய்க் கேக்கணும்னு சொல்லித் தந்தேன்லா அக்கா," என்றார். "இந்த வீட்டுக்கு எப்படிப் போறது?"

அன்று முழுக்க வேலை செய்தேன். பழக்கத்தில் தம்பி வீட்டையும் எண்ணெய்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். எரிபொருள் குறைவு, விரயம் இல்லை. எங்கள் குறிகாட்டியின்படி அது நல்ல வீடு. இப்படி எத்தனை வீட்டை நல்ல வீடு என்று கூட்டிக் கழித்து மேலே அனுப்பியிருப்பேனோ தெரியாது. அன்றிலிருந்து குறைந்த கணக்கைப் பார்த்தால் எனக்குப் பயம்.

6

தம்பிக்கு ஒரே வரிதான் எழுதினேன். முதலாம் கேள்விக்கு விடை இல்லை, அறியத்தரவும் என்று.

மார்கழியில் பதில் வந்தது. "இரண்டு. மாசி மாதம் தொடக்கம். நீ வர முடியாது அக்கா. பாதை இல்லை. அங்கே இருந்து தனியே அழுவாய் என்று மூன்று கடிதத்தில் சுகம் என்று எழுதினேன். படிவத்தில் எழுத வரவில்லை. கடைசி நாளும் வெந்நீரில்தான் குளித்தவா. அதில் நான் குறை வைக்கவில்லை." கீழே திதி எழுதியிருந்தான். காடாற்று, எட்டு, அந்தியேட்டி, எல்லாச் சடங்கும் அவன் செய்து முடித்துவிட்டான். எனக்கென்று செய்ய ஒன்றும் மிச்சம் இல்லை.

ஒன்று மிச்சம் இருந்தது. அம்மாவின் விண்ணப்பம். தை மாதம் புதுப் படம் கேட்டு மறுபடியும் கடிதம் வந்தது. குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரே போய், விண்ணப்பத்தை மீட்டுக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. பெயர், அடையாள அட்டை எண், விண்ணப்ப எண் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு நீட்டினேன். கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்ப் பிள்ளை, என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை மக்சிக் என்று மாமி முறை வைத்துக் கூப்பிட்டு, காலியாக விடக்கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மலாயில் மெல்லச் சொன்னாள். ஊருக்கெல்லாம் நான் சொல்கிற சட்டம்.

பேனையை எடுத்து மலாயில் எழுதினேன், மெனிங்கல் டுனியா என்று. உலகை விட்டுப் போனார் என்று அர்த்தம். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு, இரண்டு கையாலும் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அம்மா போன செய்தியை நான் முதன்முதலாக எழுதியது அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாத பாஷையில்.

இன்று மாசி, அம்மாவின் ஆட்டைத் திவசம். தம்பிக்கு ஒரு வருடம், எனக்கு ஐந்து மாதம். காலையில் படைத்தோம். மகள் தன் புத்தகங்களை அந்த அறைக்குள் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்து, ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டாள். தெரியாது, ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை என்றேன். போட்டுப் பார்க்கட்டுமா என்றாள். போடு என்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே வெந்நீர் விழுகிற சத்தம் கேட்டது.

தம்பி, இது அச்சில் வந்து உன் கைக்குக் கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. நீ விட்ட கட்டத்தில் இன்றைக்குத்தான் இரண்டு என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தும் வைத்தேன். இவ்வளவு நாளும் ஒருவரிடமும் தமிழில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். அம்மா செத்துப்போனா.